வயலெட் அக்கா கேட்ட சந்தேகம்

சனிக்கிழமை காலையில் சாமுவேல் அண்ணனின் பெயர் கைபேசியில் தெரிந்ததுமே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கியதும் அந்த வீட்டில் இரண்டு கைபேசிகளையும் அணைத்துவிடுவார்கள். மறுநாள் சாயங்காலம்தான் மறுபடி எடுப்பார்கள். அது ஓய்வுநாள். அந்த நேரத்தில் அண்ணன் கூப்பிடுகிறார் என்றால் சும்மா கூப்பிடவில்லை. என் கைபேசியும் அணைந்திருக்க வேண்டிய நேரம்தான். அது அணையவில்லை. அன்றைய வேதபாடத்துக்குக் குறிப்பு எடுத்தபடியே அலுவலகச் செய்திகளையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வயலெட் எழும்பல தம்பி" என்றார். "ஓய்வுநாளுல்லா, தூங்கட்டும்னு விட்டுட்டேன். வெயில் கட்டிலுக்கு வந்த பொறவும் விட்டுட்டேன்."

நானும் என் மனைவி மெர்சியும் ஜனக்புரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் வந்து பார்த்துவிட்டிருந்தார். விடிவதற்கு முன்பே தூக்கத்தில் உயிர் போயிருக்கிறது, யார் எழுப்பியிருந்தாலும் பயனில்லை என்று அவர் ஹிந்தியில் இரண்டு முறை பொறுமையாகச் சொன்னார். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். ஆனாலும் வந்தவர்கள் எல்லோரிடமும், தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவைத் தூங்கவிட்டதற்காக நீங்கள் வருந்த வேண்டாம் அண்ணா, இத்தனை வருடம் தூங்கவிடாமல் வைத்திருந்தவர்கள் நாங்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை. அக்காவை அறிந்த உங்களிடம் அதை இப்போது சொல்கிறேன். உங்களில் பலரும் அந்த வீட்டில் சாப்பிட்டவர்கள்.

அறியாதவர்களும் இதைப் படிக்கக் கூடும். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கைக்கொள்ளும் சிறிய தமிழ்ச் சபை எங்களுடையது. எங்களுக்கென்று கட்டடம் கிடையாது. முதலில் கோல் மார்க்கெட் பக்கம் வயலெட் அக்காவுக்குக் கிடைத்திருந்த அரசுக் குடியிருப்பில் கூடினோம். அவரும் சாமுவேல் அண்ணனும் ஜனக்புரியில் முதல் மாடியில் ஒரு வீடு வாங்கியபின் அங்கே. அக்கா பாளையங்கோட்டைக்காரர். கல்யாணமாகித் தில்லிக்கு வந்து, தேர்வெழுதி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, பிரிவு அலுவலராக ஓய்வுபெற்றவர். எங்கள் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் குர்காவிலும் நொய்டாவிலும் கணினி வேலை பார்க்கும் இளைஞர்கள். மீதிப் பேர் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்து ஜுக்கிக் குடிசைகளில் குடியிருப்பவர்கள். எல்லோரையும் ஒரே பாயில் உட்காரவைத்தது அக்காவின் சாப்பாடுதான். பாடம் நடத்துவது என் பொறுப்பு.

ஓய்வுநாளில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்பது அந்த வீட்டின் ஒழுங்கு. ஆகவே எல்லாச் சமையலும் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் முடிய வேண்டும். மே மாதத்தில் கெட்டுப்போகாது என்பதால் புளியோதரை. குளிர்காலத்தில் சாம்பார் சாதம். அதைப் பெரிய பாத்திரத்தில் அடைத்து, பழைய ரஜாய்ப் போர்வை ஒன்றால் பிள்ளையைச் சுற்றுவதுபோலச் சுற்றி மூலையில் வைத்திருப்பார். மறுநாள் மதியம் பிரிக்கும்போதும் அதில் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும். அந்தச் சூட்டைப் பற்றி நாங்கள் வியந்து பேசுவோம்.

தில்லிக் குளிர்காலத்தில் அலுவலகம் விடுவதற்குள் இருட்டிவிடும். அதற்கு அக்கா என்ன செய்கிறார் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ராஜீவ் சௌக்கில் ரயில் மாறும்போது அவரைப் பார்த்தேன். சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. நல்ல காய்ச்சல். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஜனக்புரிக்குப் போகிறார், சமைப்பதற்கு. காலையிலேயே முழு விடுப்பு எடுத்துப் படுத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். சிரித்தார். காய்ச்சலுக்கு லீவைச் செலவழித்துவிட்டால் வருகிற வெள்ளிக்கிழமைகளுக்கு எங்கே போவது என்றார். வருடத்துக்குக் கிடைக்கும் தற்செயல் விடுப்பு முழுவதும் எங்கள் சாம்பார் சாதத்தில்தான் கரைந்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

தெரிந்துகொண்டு நான் என்ன செய்தேன்? மறுநாள் பாடத்தின் நடுவே அதைச் சாட்சியாகச் சொன்னேன். காய்ச்சலோடும் கர்த்தருடைய நாளுக்காக உழைக்கும் ஒரு சகோதரி நம்மிடையே இருக்கிறார் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா அப்போது உள்ளே தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கைதட்டலைக் கேட்டு, என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

ஓய்வைப் பற்றி நான் நன்றாகப் பேசுவேன் என்று பெயர். அடிமைகளுக்கு விடுமுறை கிடையாது, செங்கல் அறுத்துக்கொண்டே சாகிறவர்கள் அவர்கள், கர்த்தர் அவர்களை வெளியே கூட்டிவந்து முதலில் கொடுத்த பரிசே ஓய்வு என்பேன். ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது சோம்பலல்ல, நான் இல்லாமலும் உலகம் நடக்கும் என்று ஒப்புக்கொள்ளும் தாழ்மை என்பேன். இளைஞர்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். நான் பேசி முடிக்கும் நேரத்தைக் கணித்து, சமையலறையில் அக்கா தட்டுகளை வரிசைப்படுத்தும் சத்தம் கேட்கும். நாங்கள் சாப்பிட்டு எழுந்ததும் செல்வி வருவார். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து, அந்தத் தெருவில் பல வீடுகளில் வேலை செய்தவர். எங்கள் அத்தனை பேர் தட்டையும் அவர் கழுவுவார். செல்வி எங்கள் சபையைச் சேர்ந்தவர் இல்லை. ஆகவே ஓய்வுநாள் அவருக்குப் பொருந்தாது என்று நாங்கள் வைத்திருந்தோம். வாய்விட்டு யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் காதுக்கு எப்படி ஒலிக்கிறது என்றாவது தெரிந்திருக்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமையில்தான் அந்தச் சந்தேகம் வந்தது. ஓய்வுநாள் கட்டளையை விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த நாளில் யாரெல்லாம் வேலை செய்யக் கூடாது என்று அதில் ஒரு வரிசை வரும். மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, வீட்டு வாசலுக்குள் வந்திருக்கிற வெளியூர்க்காரன் வரைக்கும். மாட்டைக்கூட மறக்காத கட்டளை என்று நான் நெகிழ்ந்து சொன்ன இடத்தில், அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, ஒரு சந்தேகம். மகன் இருக்கான், மக இருக்கா, வேலைக்காரி இருக்கா, மாடு கூட இருக்கு. வீட்டுக்காரி எங்க?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. எனக்கு உண்மையில் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"நீங்களும் ஓய்ஞ்சுட்டா அந்த மாட்டுக்கு யாருக்கா தண்ணி காட்டுறது?"

சிரிப்பு இரண்டு மடங்கானது. சாமுவேல் அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அக்காவும் சிரித்தார், அச்சா அச்சா என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். நான் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தேன். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது மெர்சி மட்டும், அது சும்மா கேட்ட கேள்வி இல்லை என்றாள். நீதான் எல்லாவற்றையும் பெரிதுபடுத்துகிறாய் என்று நான் சொன்னேன்.

அதன்பின் பல வாரங்கள் அக்கா அதைப் பற்றிப் பேசவில்லை. வழக்கம்போல் சாப்பாடு வந்தது. கோடை ஆரம்பித்து, கூடத்தில் கூலர் ஓடத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, நான் பாடத்தை ஆரம்பிப்பதற்கு முன்பே அவர் சமையலறையிலிருந்து வந்து எங்களோடு பாயில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதுவே எல்லோரையும் அமைதியாக்கியது.

"பதில் கிடைச்சிட்டு தம்பி" என்றார். "நான் அந்த வரிசையில என்னைத் தேடிட்டு இருந்தேன். வேலைக்காரிக்குப் பொறவு இருக்கேனா, மாட்டுக்குப் பொறவு இருக்கேனான்னு. கட்டளை 'நீ'ன்னுல்லா ஆரம்பிக்குது. அந்த நீ நான்தான். கர்த்தர் எங்கிட்டதான் பேசுதாரு."

யாரும் சிரிக்கவில்லை. அவர் தணிந்த குரலில் மேலும் சொன்னார். இத்தனை வருடமும் யாராவது தமக்கு விடுமுறை கொடுப்பார்களா என்று அண்ணனையும் எங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாராம். கட்டளை தம்மிடமே சொல்லப்பட்டது என்றால் ஓய்வைக் கேட்டு வாங்க வேண்டிய அவசியம் இல்லை. தாமே எடுத்துக்கொள்ள வேண்டும், அதைவிட முக்கியமாக, தம் கைக்குக் கீழ் வேலை செய்பவருக்குக் கொடுக்க வேண்டும். செல்விக்கு ஓய்வு கொடுக்க வேண்டியவர் வேறு யாரோ என்று நினைத்துத் தாம் தப்பித்துக்கொண்டு இருந்ததாகச் சொன்னார். அடுத்த வாரம் முதல் சனிக்கிழமைகளில் செல்வி வரமாட்டார், சம்பளத்தில் அதற்காக எதுவும் குறையாது. இந்த வீட்டில் கூட்டத்துக்குச் சமையலும் இருக்காது. கூட்டம் எப்போதும்போல நடக்கலாம்.

எல்லோரும் போகும்வரை காத்திருந்து, நான் படிக்கட்டில் நின்று அவரிடம் பேசினேன். ஜுக்கியிலிருந்து வருகிறவர்களுக்கு வாரத்தில் வயிறாரக் கிடைக்கும் ஊர்ச் சாப்பாடு இது ஒன்றுதான் என்றேன். விருந்தோம்பலும் ஆராதனைதானே என்றேன். வீட்டில் போய் மெர்சியிடம் ஒரு வேளை நீ சமை என்று நான் சொல்லப்போவதில்லை, என் கையால் ஒரு டம்ளர் டீகூடப் போட்டுக்கொண்டு வரப்போவதில்லை என்பது எனக்கே தெரிந்திருந்தும் நன்றாகவே பேசினேன். அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"அவங்க பசிக்குச் சமைக்கதுக்கு என்ன தம்பி, எந்த நாளும் சமைப்பேன். நம்ம பழக்கத்துக்கு இனிமே சமைக்க மாட்டேன்."

எனக்கு அவரிடம் சொல்லப் பதில் இல்லை. மற்றவர்களிடம் சொல்ல இருந்தது. பதவி உயர்வு வந்ததிலிருந்து அக்கா கொஞ்சம் மாறிவிட்டார் என்று இரண்டு மூன்று குடும்பங்களிடம் தொலைபேசியில் சொன்னேன். வருத்தமாகச் சொல்வதுபோலச் சொன்னேன். அது சுற்றி அவர் காதுக்குப் போய்விட்டது என்று பின்னால் மெர்சி மூலம் அறிந்தேன். அவர் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவர் பார்வையில்கூட ஒரு வித்தியாசம் இருந்ததில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

புதிய ஏற்பாடு சிரமமாகத்தான் இருந்தது. சிலர் வாழைப்பழம் கொண்டுவந்தார்கள், சிலர் ரொட்டி. மெர்சி வெள்ளிக்கிழமையே எலுமிச்சை சாதம் கலந்து எடுத்துவந்தாள். சாப்பிட்ட தட்டுகள் தொட்டியில் குவிந்து அப்படியே கிடந்தன. யாராவது கழுவ எழுந்தால் அக்கா தடுத்துவிடுவார், சூரியன் இறங்கட்டும் என்பார். அந்தக் குவியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓய்வைப் பற்றிப் பேசுவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அக்கா பால்கனியை ஒட்டி ஒரு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். சில வாரங்களில் கூட்டம் மெலிந்தது. ஒரு குடும்பம் ஞாயிறு ஆராதனைக்குப் போகும் வேறு சபையில் சேர்ந்துகொண்டது. அந்தப் பழியையும் மனதுக்குள் அக்காவின் மேலேயே போட்டேன். ஜுக்கியிலிருந்து வந்தவர்கள் யாரும் வருவதை நிறுத்தவில்லை என்பதைக் கவனிக்க எனக்கு நாளாயிற்று. அவர்களுக்கு அக்கா ஞாயிற்றுக்கிழமை மதியம் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களிடம் அதைச் சொல்லவில்லை. சாமுவேல் அண்ணன் சனிக்கிழமை சாயங்காலம் தட்டுக் கழுவப் பழகினார். முதலில் நிறைய உடைத்தார்.

செல்வி விஷயமும் அக்கா நினைத்ததுபோல நடக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஓய்வாகக் கிடைத்ததும் அவர் அந்த நேரத்துக்கு வேறு வீட்டில் வேலை பிடித்துக்கொண்டார். இது தெரியவந்த அன்று நான் உள்ளூர மகிழ்ந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. பார்த்தீர்களா அக்கா, கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. ஓய்வுநாளை மட்டும் கொடுத்துவிட்டுப் படுக்க இடம் கொடுக்கவில்லையே, அந்த ஒற்றை அறையில் ஐந்து பேருக்கு நடுவே பகலில் எங்கே போய்ப் படுப்பாள் என்றார். பிறகு செல்வியிடம் அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. காலை வீடுகளை மட்டும் முடித்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் செல்வி அக்கா வீட்டுக்கு வரத் தொடங்கினார். வேலைக்கு இல்லை, தூங்குவதற்கு. உள்ளறையில், அக்காவின் கட்டிலில், கூலர் காற்று படும்படி படுத்துக்கொள்வார். நாங்கள் கூடத்தில் பாடிக்கொண்டிருப்போம்.

ஒரு சனிக்கிழமை பாடத்தின் முக்கியமான இடத்தில் உள்ளேயிருந்து குறட்டை வந்தது. இளைஞர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். எனக்குச் சுள்ளென்று வந்தது. பாடம் முடிந்ததும் அக்காவிடம், இது ஆராதனை நடக்கும் இடம் இல்லையா என்று கேட்டேன்.

"நீங்க சொல்லிக்கிட்டு இருக்கதைத்தான் தம்பி அவ செஞ்சிக்கிட்டு இருக்கா" என்றார். "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க."

கடந்த வருடம் அவர் ஒரு யோசனை சொன்னார். ஒரே ஒரு சனிக்கிழமை பாடம் வேண்டாம், பாட்டு வேண்டாம், எல்லோரும் பக்கத்திலிருக்கும் பூங்காவுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்போம் என்றார். நான் களைத்துத் தெரிகிறேன் என்றும் சொன்னார். களைப்பு என்ற சொல்லை நான் வேறு விதமாக எடுத்துக்கொண்டேன். என்னைப் பாடத்திலிருந்து மெல்ல விலக்கப் பார்க்கிறார் என்று பட்டது. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மெர்சி போனாள். நான் வீட்டில் உட்கார்ந்து அடுத்த இரண்டு வாரங்களுக்கான பாடங்களை ஆத்திரத்தோடு எழுதினேன். சாயங்காலம் மெர்சி புடவையெல்லாம் புல் ஒட்டத் திரும்பி வந்தாள். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை, அக்கா புல்லில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், கொஞ்ச நேரத்தில் நானும் படுத்துவிட்டேன் என்றாள். அன்று அவள் முகத்தில் இருந்த தெளிவை நான் எந்தப் பாடத்தாலும் அவளுக்குத் தந்ததில்லை.

அக்கா இறந்த சனிக்கிழமைக்கு வருகிறேன். செய்தி போய்ச் சேராதவர்கள் வழக்கமான நேரத்துக்குக் கூட்டத்துக்கு வந்து வாசலில் திகைத்து நின்றார்கள். மத்தியானத்துக்கு மேல் செல்வி வந்தார். கதவைத் திறந்தது நான். பாடம் நடக்கிறது என்று நினைத்து அவர் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினார். வழி மட்டும் விட்டேன். உள்ளறைக் கட்டிலில் அக்காவைக் கண்டதும் அவர் அழவில்லை. நேரே சமையலறைக்குப் போனார். பக்கத்து வீட்டிலிருந்து வந்த டீயை எல்லோரும் குடித்த டம்ளர்கள் அங்கே மலையாகக் கிடந்தன. புடவையைச் செருகிக்கொண்டு குழாயைத் திறந்தார். சாமுவேல் அண்ணன் எழுந்து போய்க் குழாயை மூடினார்.

"வேண்டாம் செல்வி. இன்னைக்கு ஓய்வுநாளுல்லா. கிடக்கட்டும்."

"கை சும்மா இருந்தா என்னமோ பண்ணுதுண்ணா" என்றார் செல்வி.

அண்ணன் அவரைக் கூட்டிவந்து கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்காரவைத்தார். விடிந்ததிலிருந்து வேலை செய்த உடம்பு. கொஞ்ச நேரம் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்தார், பிறகு அப்படியே தூங்கிப்போனார். துக்கம் கேட்க வந்த ஒரு பெண்மணி, பிணத்துக்குப் பக்கத்தில் இப்படித் தூங்குவது நன்றாயில்லை என்று அவரை எழுப்பக் குனிந்தார். நான் எழுந்து போய் அந்த அம்மாளைத் தடுத்தேன். மெதுவாகப் பேசும்படி கூடத்திலிருந்தவர்களையும் கேட்டுக்கொண்டேன். அக்கா உயிரோடு இருக்கும்போது ஒரு முறையாவது நான் செய்திருக்க வேண்டியது அது.

பெங்களூரிலிருந்து மகள் வந்ததும் மறுநாள் அடக்கம் நடந்தது. கல்லறையில் பேசும்படி என்னைக் கேட்டார்கள். பேசினேன். அவர் எத்தனை பேருக்குச் சோறு போட்டார் என்று சொன்னேன். ரஜாய்க்குள் சூடாறாமல் இருந்த சாம்பார் சாதத்தைச் சொன்னேன். அவர் கை ஓய்ந்து நாங்கள் பார்த்ததில்லை என்றேன். எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். மண் போட்டுத் திரும்பும்போது மெர்சி என் பக்கத்தில் நடந்து வந்தாள்.

"அக்காவை மறுபடியும் கிச்சனுக்கே அனுப்பிட்டீங்களே" என்றாள்.

அவர் கை ஓய்ந்து நான் பார்த்திருந்தேன். பல சனிக்கிழமைகள் பார்த்திருந்தேன். அவர் அந்த ஓய்வுக்காக எங்கள் எல்லோருடைய மனத்தாங்கலையும் சம்பாதித்துக்கொண்டார், முணுமுணுப்பையும் சேர்த்து. அவருடைய வாழ்க்கையில் அவர் செய்த மிகப் பெரிய காரியம் அதுதான். அதை அவர் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று நான் இல்லாமலாக்கினேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது அந்தப் பேச்சைத் திரும்பப் பெறுவதற்காகத்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அவர் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் தனியாக ஜனக்புரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். தண்ணி காட்டும் பேச்சுக்கும், பதவி உயர்வுப் பேச்சுக்கும், பூங்காவுக்கு வராததற்கும். வழி முழுவதும் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். அக்கா பால்கனியில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு முறத்தை நகர்த்தினார். இரண்டு பேரும் உரித்தோம். ஊர்க் கதை பேசினோம். எப்படி ஆரம்பிப்பது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர் வீட்டு மாடிக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. அக்கா கையிலிருந்த காயை அப்படியே முறத்தில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பாதிக்கு மேல் உரிக்காமல் கிடந்தது.

இன்னும் கொஞ்சம்தானே, முடித்துவிடலாமே என்றேன். பட்டாணியைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை.

"முடிச்சிட்டுத்தான் ஓயணும்னா ஒருத்தரும் ஓய முடியாது தம்பி" என்றார். "நாள் வந்துட்டுன்னா, எல்லாம் முடிஞ்ச மாதிரி வச்சிடணும். மிச்சத்தை அவரு பாத்துக்கிடுவாரு."

நானும் முறத்தைத் தள்ளிவைத்தேன். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே நினைத்தேன். படியிறங்கும்போது அவர் மேலேயிருந்து, பார்த்துப் போங்க, பனி இறங்குது என்றார்.

வயலெட் அக்காவுக்கென்று என்னிடம் மிஞ்சியிருப்பது சொல்லப்படாத அந்த வார்த்தைகள்தான். நான் எதற்காக வந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்துதான் என்னை அப்படி விடுவித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெளிச்சம் குறையும்போது அவற்றைக் கீழே வைத்துவிட முயல்கிறேன். இதுவரை முடியவில்லை.